எது இரைச்சல்? யாருக்கு இரைச்சல்?

(பொம்மையார்பாளையத்தில் காலனி இளைஞர்கள் கூட்டிய கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தக் கூட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். காலனிப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து பறைக்குழு ஒன்று கட்ட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். "மோளத்தத் தூக்கி எறியத்தாண்டா நாங்க ஒத வாங்குனோம். அதையே திரும்பத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே" என்று போன வாரம் ஒரு பெரியப்பா கேட்டார். அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பிள்ளைகள் கேட்பதிலும் தப்பில்லை. இரண்டு நியாயங்கள் மோதுகிற இடத்தில் பேச்சு வேண்டும். தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்லை. நாட்டாமை என்கிற ஒன்றே நமக்கு வேண்டாம். என் மனசில் ஓடுவதைச் சொல்கிறேன். அப்புறம் நீங்கள் திட்டலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரல் 14, அண்ணல் பிறந்தநாள் ஊர்வலத்தில் இந்தப் பிள்ளைகள் இரவல் பறை வாங்கி வந்து அடித்தார்கள். பகல் பதினொரு மணி ஊர்வலம். மறுநாளே காவல் நிலையத்தில் மனு. மனுவில் இருந்த வார்த்தை: 'தாங்க முடியாத இரைச்சல்'. இதே சாலையில் ஆடி மாதம் கூம்பு ஒலிபெருக்கி விடிய விடியப் பாடுகிறது. அது பக்தி. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் சனிக்கிழமை ராத்திரி நெஞ்சுக்கூடு அதிர ஆடுகிறார்கள். அது சுற்றுலா. நம்ம தோல் அதிர்ந்தால் மட்டும் இரைச்சல்!

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. சட்டத்தின் கையில் இருப்பது அளவுகோல். மனு எழுதுகிறவனிடம் இருப்பது காது. அந்தக் காதுக்குச் சாதி இருக்கிறது. பேசி முடிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் ஒரு இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காதில் மாட்டியிருந்த ஒயர் கழன்று சத்தம் வெளியே கொட்டிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் சோற்றுக் கையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார் இது, சாவு மோளம் மாதிரி இருக்கு?" எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னைப் பார்த்து, என் பிறப்பைத் தெரிந்துகொண்டுதான் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று சாயந்திரம் வரை மண்டையைக் குடைந்தது. பேருந்தில் வரும்போது இன்னொரு தடவை கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. அவர் இளக்காரமாகச் சொன்னார், ஆனால் சரியாகச் சொல்லியிருக்கிறார். அது சாவு மோளம் மாதிரிதான் இருந்தது. எழவு வீட்டு முற்றம் மாதிரிதான் இருந்தது.

அந்த இசைத்தட்டின் பெயர் 'ஃப்ரீ ஜாஸ்'. 'கூட்டாகச் செய்த திடீர்ப் படைப்பு' என்று அதன் துணைத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆர்னெட் கோல்மன் என்ற கறுப்பின சாக்ஸபோன் கலைஞர் 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தது. 1961-இல் வெளிவந்தது. எட்டுப் பேர். நாலு நாலு பேராக இரண்டு குழு. ஒரு குழுவின் ஓசை இடது பக்கம் வரும், இன்னொரு குழுவின் ஓசை வலது பக்கம் வரும். இடது பக்கம் கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலது பக்கம் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். இரண்டு டிரம்ஸ், இரண்டு பாஸ், நாலு ஊது கருவி. முப்பத்தேழு நிமிடம் ஒரே மூச்சில் வாசித்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் கொள்ளாததால் நடுவில் வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டார்கள்.

எழுதி வைத்த பாட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. நடுநடுவே எல்லோரும் சேர்ந்து ஊதுகிற சின்னச் சின்னத் துண்டுகள் மட்டும் முன்கூட்டியே முடிவு செய்தவை. மற்றபடி ஒருவர் முன்னால் வருவார், மற்ற ஏழு பேர் அவருக்குப் பதில் சொல்வார்கள், மறுப்புச் சொல்வார்கள், சீண்டுவார்கள். பின்பாட்டு, பக்கவாத்தியம் என்கிற அடுக்கு அங்கே கலைந்துவிடுகிறது. நம்மூர்க் கச்சேரியில் பாடகர் மேடைக்கு நடுவில், மிருதங்கக்காரர் பக்கத்தில், கடம் அதற்கும் ஓரத்தில். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு வர்ணாசிரமமே இருக்கிறது. இந்த எட்டுப் பேர் அதை உடைத்தார்கள்.

வெளிவந்தபோது என்ன ஆயிற்று? அமெரிக்காவின் பெரிய ஜாஸ் பத்திரிகை 'டவுன்பீட்'. 1962 ஜனவரியில் அது இந்த ஒரே இசைத்தட்டுக்கு இரண்டு பேரை விட்டு விமர்சனம் எழுத வைத்தது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். இன்னொருவர் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. அந்த இரண்டாம் ஆள் ஜான் டைனன். அதற்குச் சில மாதம் முன்னால் ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசித்ததைக் கேட்டுவிட்டு 'ஜாஸ் எதிர்ப்பு' என்று எழுதியவரும் அவரே. ஆக, ஒரே சத்தம் ஒரு காதுக்கு ஐந்து நட்சத்திரம், இன்னொரு காதுக்குப் பூச்சியம். இரைச்சல் என்பது சத்தத்தில் இல்லை தோழர்களே, கேட்கிறவன் எங்கே உட்கார்ந்து கேட்கிறான் என்பதில் இருக்கிறது.

கோல்மன் யார்? 1930-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் லூசியானாவில் ஒரு நடனக் கூடத்துக்கு வெளியே அவரை அடித்துப் போட்டு அவருடைய சாக்ஸபோனை உடைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மின்தூக்கி இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே இசை படித்தார். உலோக சாக்ஸபோன் வாங்கக் காசில்லாமல் பிளாஸ்டிக்கில் செய்த ஒன்றை வாங்கினார். பார்த்தவர்கள் பொம்மை என்று சிரித்தார்கள். அதை வைத்தே உலகத்தின் காதைத் திருப்பினார். 2007-இல் அதே மனிதருக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். 2015-இல் இறந்தார். பூச்சியத்திலிருந்து புலிட்சருக்கு நாற்பத்தைந்து வருஷம். மாறியது அவர் இல்லை, காதுகள்தான்.

சரி, அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த உறவு நேற்று முளைத்தது இல்லை. 1946-லேயே அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். கருஞ்சிறுத்தையிலிருந்து தலித் சிறுத்தை. அதனால் இசையிலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு போட்டால் ஒரு விசித்திரம் கிடைக்கிறது. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசு அடித்துக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். கலகத்தை நசுக்கிய வெள்ளை முதலாளிகள் 1740-இல் சட்டம் போட்டார்கள்: அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. முரசு பேசும், தூரத்துத் தோட்டத்துக்குச் சேதி சொல்லும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆக, கறுப்பர் கையிலிருந்து முரசைப் பிடுங்கினார்கள்.

நமக்கு என்ன நடந்தது? நம் கையில் முரசைத் திணித்தார்கள். சாவுக்கு அடி, சாமிக்கு அடி, தண்டோராவுக்கு அடி. ஊர்க்காரன் செத்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சேதி சொல்லப் போ, அப்புறம் வந்து மோளம் அடி, கூலியாக மரக்கால் நெல் வாங்கிக்கொள், சாராயத்தைக் குடித்துக்கொள். பேசுவது என்ற பொருளும் உள்ள சொல் 'பறை'. மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் சொல்லுவதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் பறையைச் சேர்த்தது. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாட்டு பறையனை மதிப்புமிக்க நான்கு குடிகளில் ஒன்றாகச் சொன்னது. அந்தச் சொல்லே பிறகு வசவு ஆனது. ஆங்கிலத்தில் போய் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உட்கார்ந்துகொண்டது. அந்த வசவையே தலைப்பாகப் போட்டு 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழை நடத்தினார் என்றால் அது எவ்வளவு பெரிய கலகம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவனிடம் முரசைப் பிடுங்கினார்கள், அவன் விடுதலை என்பது முரசைத் திரும்ப எடுப்பது. நம்மிடம் முரசைத் திணித்தார்கள், நம் விடுதலை என்பது முரசைத் தூக்கி எறிவது. பெரியப்பா சொன்னது இதுதான். 1927-இல் மகத்தில் கூடிய மாநாட்டில், இழிவு என்று சுமத்தப்பட்ட வேலைகளை விடுங்கள், செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதும் இதே பாதைதான்.

என் நைனாவும் எறிந்தவர்தான். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், எங்கள் தாத்தாவிடமிருந்து பறையை வாங்கி நைனாவும் அவர் சேக்காளிகளும் காலனி வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். மூன்று மாசம் ஊர்க் களத்தில் வேலை கிடையாது. கடையில் சாமான் கிடையாது. டீக்கடைப் பக்கம் போக முடியாது. அம்மா நடந்து போய் அடுத்த ஊரில் நடவு நட்டாள். அந்த மூன்று மாசப் பட்டினியில்தான் நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், வங்கிக்குப் போனேன். ஆகையால் பறையை எறிந்தவர்களைப் பிற்போக்கு என்று சொல்லும் தைரியம் எனக்கு வராது. மேடையில் நின்று 'பறை நம் அடையாளம்' என்று முழங்குகிற தோழர்கள் முதலில் இவர்களின் காலைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் தாத்தா என்ன ஆனார்? அதையும் சொல்ல வேண்டும். பறை எரிந்த பிறகு அவர் அதிகம் பேசவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து விரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாராம். வேப்பங்கட்டையை வளைச்சட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி ஏற்றத் தெரிந்தவர். ஒரு கையில் சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் அடிக்குச்சி. எத்தனை அடி வகை தெரியும் என்று அவருக்கே கணக்குத் தெரியாதாம். அடிமை வேலையை எரித்தோம். சரி. ஆனால் கூடவே ஒரு படிப்பும் எரிந்ததே? வேலையை விடுவதும் வித்தையை விடுவதும் ஒன்றா? இந்தப் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்.

இங்கே ஆயாவைக் கூப்பிடுகிறேன். எங்கள் ஆயா மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். பாத்தியை மிதித்து இறுக்கி, உப்பை வாரி, கூடையில் சுமந்து அம்பாரம் போட்டவள். உப்பு தின்ற பாதம். அவள் ஒப்பாரி வைத்தால் தெருவே வந்து நிற்கும். அவளுடைய தங்கை செத்தபோது நான் சிறுவன், பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழெட்டுப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்றைச் சொல்லி அழுகிறாள். ஒருத்தி செத்தவளின் பெருமையைச் சொல்கிறாள், ஒருத்தி தன் புருசன் அடித்த அடியைச் சொல்கிறாள். உப்பு அள்ளுன கைக்குக் கஞ்சியில போட உப்பில்லாமப் போச்சே என்று ஆயா இழுக்கிறாள். எழுதி வைத்த பாட்டு இல்லை. தலைவி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டு. ஆனால் ஒருத்தியின் மூச்சு இறங்கும்போது அடுத்தவள் ஏறுகிறாள். வெளியே மோளக்காரர்கள் குரலைக் கவனித்து அடியைத் தணிக்கிறார்கள், மறுபடி ஏற்றுகிறார்கள்.

தோழர்களே, அந்த முப்பத்தேழு நிமிட இசைத்தட்டில் நான் கேட்டது இதைத்தான். என் வங்கி நண்பர் சொன்ன 'சாவு மோளம்' இதுதான். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் துயரத்தைப் பேசுகிறார்கள், ஒருவர் குரல் இன்னொருவர் குரலை அமுக்கவில்லை. இதைச் செய்ய நியூயார்க்கில் ஒரு பதிவுக்கூடம் வேண்டியிருந்தது. நம் ஆயாக்கள் அதை மண் தரையில் உட்கார்ந்து செய்தார்கள். அவர்களை யாராவது இசைக் கலைஞர் என்று சொன்னோமா? பறையைப் பற்றி இவ்வளவு விவாதம் செய்கிற நாமே ஒப்பாரியைப் பொம்பளைங்க அழுகை என்று ஒதுக்கி வைத்தோம். இரைச்சல் என்று மனு கொடுத்தவன் நமக்குச் செய்ததை நாம் நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்திருக்கிறோம். இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். இரைச்சலையே இசையாகச் செய்கிறோம் என்று கிளம்பியவர்கள் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். 1913-இல் ருஸ்ஸோலோ என்ற இத்தாலியர் ஆலைச் சத்தமும் இரைச்சலும்தான் இனி இசை என்று அறிக்கை வெளியிட்டார். 1965-இல் லண்டனில் 'ஏஎம்எம்' என்ற குழு உருவானது. கீத் ரோ கிதாரை மேசை மேல் மல்லாக்கப் போட்டுச் சுரண்டினார். வானொலிப் பெட்டியின் கரகரப்பைக் கலந்தார்கள். ராகம் இல்லை, தாளம் இல்லை. 1966-இல் பதிவு செய்த அவர்களுடைய முதல் இசைத்தட்டைக் கேட்டால் உப்பளக் காற்றில் தகரக் கூரை அடித்துக்கொள்வது மாதிரி இருக்கும். நான் கிண்டல் செய்யவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் குழுவில் கார்னீலியஸ் கார்டியூ என்று ஒருவர். கொஞ்ச காலத்தில் மாவோயிஸ்ட் ஆனார். 1974-இல் தன் குருவான ஸ்டாக்ஹவுசன் ஏகாதிபத்தியத்துக்குச் சேவை செய்கிறார் என்று புத்தகமே எழுதினார். இந்த இசை யாருக்குப் பயன்படுகிறது, உழைக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, தன் பழைய இசையையே உதறிவிட்டு, தொழிலாளர்கள் பாடுகிற மாதிரி எளிய பாட்டுகள் எழுதினார். 1981 டிசம்பரில் லண்டனில் கார் மோதி இறந்தார். மோதியவன் நிற்கவில்லை, பிடிபடவும் இல்லை.

கார்டியூவின் கேள்வி நேர்மையானது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கார்டியூவுக்கும் கீத் ரோவுக்கும் இரைச்சல் ஒரு தேர்வு. நல்ல இசைக் கல்லூரியில் படித்த கார்டியூ தானாக இறங்கி இரைச்சலுக்குள் போகலாம், வேண்டாம் என்றால் வெளியே வரலாம். நமக்கு இரைச்சல் பிறப்பிலேயே ஒட்டப்பட்டது. 'என்ன சேரி மாதிரி சத்தம்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அந்த வார்த்தைக்குள்ளே இருக்கிறது எல்லாம். இதோ மேற்கே ஆரோவில்லில் இரும்புக் குழாயையும் கல்லையும் தட்டிக் கேட்கப் புதுப்புது ஒலிக்கருவிகள் செய்கிறார்கள். உலகம் முழுதும் வந்து கேட்கிறார்கள். கேட்கட்டும். குறை சொல்லவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: கல்லைத் தட்டினால் தியானம், தோலைத் தட்டினால் தீட்டா?

கார்டியூவைவிட நமக்குப் பாடம் சொல்லக்கூடியவர்கள் சிகாகோ கறுப்பினக் கலைஞர்கள். 1965-இல் முஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ் முதலியவர்கள் 'ஏஏசிஎம்' என்று ஒரு சங்கம் கட்டினார்கள். கச்சேரி கொடுக்கும் விடுதிக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே இடம் பிடித்தார்கள், தாங்களே நிகழ்ச்சி நடத்தினார்கள். உறுப்பினர்கள் சொந்த இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்றார்கள். தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இசை சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த ஆர்ட் என்செம்பிள் மணி, விசில், சைக்கிள் ஹாரன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேடையில் ஏற்றியது. சத்தத்தை மட்டும் விடுதலை செய்தால் போதாது, சத்தத்தை நடத்துகிற அமைப்பையும் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பாடம்.

நம் பக்கமும் சும்மா இல்லை. இதோ பக்கத்துக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டு போனார். 2016-இல் அவர் மறைந்தபோது நம் குரலில் ஒன்று போயிற்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை அடித்துக் காட்டினார்கள். ஆம்பளத் தோள்லதான் பறை தொங்கணும் என்கிற விதியை அவர்கள் கிழித்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் கொடுத்த 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் சட்டியும் ராப்பும் கிதாரும் ஒரே மேடையில். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். சாவு வீட்டுக் கானா, எந்த வெட்கமும் இல்லாமல், தலை நிமிர்ந்து இட ஒதுக்கீட்டைப் பாடியது. அந்த மேடையில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சந்தோசம். ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. 2020-இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மாட்டுத் தோல் மேடைக்குப் போகலாம், தோலைப் பதப்படுத்தியவன் பெயர் போகக் கூடாது. பத்மஸ்ரீ ஒரு பக்கம், இந்தக் கதவடைப்பு ஒரு பக்கம். இரண்டும் ஒரே நாடுதான்.

நமக்கு வடக்கே மரக்காணத்தை மறந்துவிடாதீர்கள். 2013 ஏப்ரல் 25 அன்று கட்டையன் தெருவில் நம் சனங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அன்றைக்கு எழுந்த ஓலம் எந்த டெசிபல் கணக்கிலும் வராது. நம் அழுகை ஊருக்குக் கேட்பதில்லை, நம் கொண்டாட்டம் மட்டும் காதைக் குத்துகிறது என்றால், பிரச்சினை ஒலியின் அளவில் இல்லை.

இப்போது குழுவுக்கு வருகிறேன். பிள்ளைகள் கட்டட்டும் என்பது என் கருத்து. ஆனால் பெரியவர்கள் எரித்த தீயை அணைத்துவிட்டுக் கட்டக் கூடாது, அந்தத் தீயில் தோலைக் காய்ச்சிக் கட்ட வேண்டும். அதற்குச் சில நிபந்தனைகள்.

முதலாவது, ஊர்க்காரன் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஊழியமாக இந்தப் பறை போகக் கூடாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கூடாது. நம் சாவுக்கு நாம் அடிப்போம், நம் கூட்டத்துக்கு அடிப்போம், சமமாக மேடை கொடுத்துக் கூப்பிடுகிற இடத்துக்குப் போவோம். கூப்பிட்டால் வருவது வேறு, ஏவினால் வருவது வேறு.

இரண்டாவது, கூலி சாராயமாகவோ மரக்காலாகவோ வரக் கூடாது. தொகை எழுத்தில் இருக்கட்டும், குழுவின் கணக்கில் ஏறட்டும். வங்கிக்காரன் புத்தி என்று சிரிக்காதீர்கள். கணக்குப் புத்தகம் இல்லாததால்தான் நம் தாத்தாக்களின் உழைப்பு காற்றோடு போயிற்று.

மூன்றாவது, பெயர். கோல்மனின் இசைத்தட்டில் எட்டுப் பேர் பெயரும் இருக்கிறது. யார் இடது, யார் வலது என்றுகூட இருக்கிறது. எங்கள் தாத்தா அடித்த எத்தனையோ சாவில் ஒன்றிலாவது அவர் பெயரை யாராவது சொல்லியிருப்பார்களா? 'மோளக்காரன்' அவ்வளவுதான். இனி நோட்டீசிலும் மேடையிலும் ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும்.

நாலாவது, பெண் பிள்ளைகள் சேர வேண்டும். ஒப்பாரி தெரிந்த ஆயாக்கள் ஆசிரியராக உட்கார வேண்டும். காலனியில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். இதோ முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு சிலை வைத்து என்ன பயன்?

அஞ்சாவது, ஒரு பதிவு செய்வோம். படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பறை, சட்டி, ஒப்பாரி, இந்தப் பையன் கற்றுக்கொண்டிருக்கிற கீபோர்டு, எல்லாம் இருக்கட்டும். முன்கூட்டி எழுத வேண்டாம். ஆசான் என்று ஒருவர் நடுவில் வேண்டாம். ஒரே மூச்சில் வாசிப்போம். கடல் சத்தம் உள்ளே வந்தால் வரட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி வாசிப்பது வெறும் இசை இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அண்ணல் சொன்ன மூன்றில் சகோதரத்துவம்தான் இந்த நாட்டில் ரொம்பக் கஷ்டம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டும், ஒருத்தன் குரலுக்கு மற்றவன் அடிமையாகக் கூடாது, ஒருத்தன் இறங்கும்போது மற்றவன் தாங்க வேண்டும். நம் கட்சிகளிலும் இயக்கங்களிலும் இது நடக்கிறதா? தலைவர் அடிக்கிறார், நாம் பக்கவாத்தியம். உட்சாதிக்கு உட்சாதி மேடை ஓரத்தில் உட்கார வைக்கிறோம். முப்பத்தேழு நிமிடம் எட்டுப் பேரால் முடிந்தது என்றால், நம்மால் அரை மணி நேரமாவது முடிகிறதா என்று பார்ப்போம். முடியவில்லை என்றால் எங்கே முடியவில்லை என்பதாவது தெரியும்.

அந்த மனுவுக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். சட்டப்படி பதில் எழுதிக் கொடுத்துவிட்டோம். பகல் நேரம், ஒலிபெருக்கி இல்லை, அனுமதி பெற்ற ஊர்வலம். அது காகிதத்துக்குப் பதில். காதுக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. அது பதிவாக வரட்டும்.

நான் பேசியது அதிகம். பெரியப்பா கேட்ட கேள்விக்கு நான் முழுதாகப் பதில் சொன்னதாக நினைக்கவில்லை. அவர் வாங்கிய அடி என் முதுகில் இல்லை. அதனால் முதல்ல அவர் பேசட்டும். பறை எரிஞ்ச அன்னிக்கு என்ன நடந்ததுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லட்டும். அப்புறம் பிள்ளைங்க பேசட்டும். கடைசியா அந்த மூணு ஆயாவும் பேசட்டும்.

ஜெய்பீம்.